நாலு பேர் ரூமில் எனக்கு இடமில்லை

"அண்ணே, ரெண்டு பேர் ரூமா, மூணு பேர் ரூமா, நாலு பேர் ரூமா?"

போன மாதம் ஒரு டிராவல்ஸ் ஆபீசில் என்னிடம் கேட்கப்பட்ட முதல் கேள்வி இது. பாஸ்போர்ட் இருக்கிறதா, சர்க்கரை இருக்கிறதா, முழங்கால் ஒத்துழைக்குமா — இதெல்லாம் பிறகு. முதலில், யாரோடு தங்கப் போகிறீர்கள்? மேஜை மேலிருந்த பேப்பர் வெயிட்டை உருட்டிக்கொண்டிருந்தேன்.

உம்ராவுக்குப் போக முடிவு செய்திருந்தேன். ஹஜ் மாதிரி குறித்த நாளில்தான் என்று கிடையாது. வருடத்தில் எப்போது வேண்டுமானாலும் மக்காவுக்குப் போய் நிறைவேற்றிவிட்டு வரலாம். பதினைந்து நாள் பேக்கேஜ். விசா, விமானம், மக்காவில் ஹோட்டல், மதீனாவில் ஹோட்டல், மூன்று வேளையும் நம்மூர்ச் சாப்பாடு — எல்லாவற்றையும் அவர்களே பார்த்துக்கொள்வார்கள். நாம் செய்ய வேண்டியது கையெழுத்துப் போடுவதும், நம் பாவங்களை மறக்காமல் நினைவு வைத்திருப்பதும்தான்.

டிராவல்ஸ் நடத்துகிற ஹக்கீமை எனக்குப் பல வருடமாகத் தெரியும். மதுரை தெற்குவாசல் பக்கம் ஒரு மாடியில் ஆபீஸ். பொய் சொல்லத் தெரியாத ஏஜென்ட். அதனாலேயே தொழிலில் இன்னும் பெரிய ஆளாகவில்லை.

"ஹோட்டல் ஹரத்துலருந்து எம்புட்டு தூரம் ஹக்கீம்?" என்று கேட்டேன். ஹரம் என்றால் கஅபா இருக்கிற பெரிய பள்ளிவாசல். எல்லா நோட்டீசிலும் ஹோட்டலின் பெயரைவிடப் பெரிய எழுத்தில் இருப்பது அந்தத் தூரம்தான்.

"அறுநூறு மீட்டர்ணே."

"நெசமாவா?"

"காக்கா பறந்து போனா அறுநூறுண்ணே. நடந்தா கொஞ்சம் கூட வரும். நடுவுல ஒரு மேடு இருக்கு. மேட்டையெல்லாம் நோட்டீஸ்ல போட முடியாதுல்ல?"

சிரித்தேன். பிறகு மெதுவாகக் கேட்டேன், "ஒரு ஆள் ரூம் கிடையாதா?"

"இருக்குண்ணே. ஆனா ரெண்டு ஆளுக்கு உள்ள ரேட்டு வாங்கிருவாங்க. ஒத்தக்கட்டைக்குன்னு எவன்ணே ரூம் கட்டுறான்?"

சொல்லிவிட்டு ஹக்கீம் நாக்கைக் கடித்துக்கொண்டார். ஜெமீலா இறந்தது அவருக்கும் தெரியும். மையத்துக்கு, அதாவது அடக்கத்துக்கு, வந்திருந்தவர்.

வாராவாரம் பேப்பரில் நான் எழுதுகிற இந்தப் பக்கத்தை வழக்கமாகப் படிப்பவர்களுக்கு ஜெமீலாவைத் தெரியாமலிருக்காது. கத்தரிக்காய் வாங்கத் தெரியாத கணவனின் மானத்தை மார்க்கெட்டில் வைத்து வாங்கிய மனைவி, சீரியல் மாமியாருக்காக ஒரு வாரம் அழுத மனைவி — எல்லாம் அவள்தான். 'என்னைய வச்சே பொழப்ப ஓட்டுங்க' என்பாள். ஓட்டினேன். இரண்டரை வருடமாக அவள் இல்லை. மகள் கனடாவில் இருக்கிறாள், ஞாயிறு தவறாமல் வீடியோ காலில் வருவாள். கோச்சடை வீட்டில் நான் மட்டும்.

உம்ராவுக்கு நாங்கள் இரண்டு பேரும் போவதாகத்தான் பேச்சு. எந்த ரூம் என்றுகூட அவள் முடிவு செய்து வைத்திருந்தாள். 'ரெண்டு பேர் ரூம்தான். நாலு பேர் ரூம்ல ஒங்களைத் தனியா விட்டா, நீங்க விடுற கொறட்டையில மத்தவுகளுக்கு போன காரியம் கெட்டுரும்.'

நான் நாலு பேர் ரூம் என்று டிக் அடித்தேன்.

சிக்கனம் இல்லை. உண்மையைச் சொல்லிவிடுகிறேன் — பதினைந்து நாளாவது, பக்கத்துக் கட்டிலில் யாராவது இருமுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டே தூங்கலாம் என்ற ஆசை. ஃபேன் வேகத்தைக் குறைக்கச் சொல்லி ஒருவர் சண்டை போடுவார். பாத்ரூமில் ஒருவர் குழாயை மூடாமல் வருவார். 'யாருய்யா என் செருப்பைப் போட்டுக்கிட்டு போனது' என்று ஒருவர் கத்துவார். இதெல்லாம் தொந்தரவு என்று யார் சொன்னது? இரண்டரை வருடமாக என் செருப்பு நான் விட்ட இடத்திலேயே கிடக்கிறது.

அடுத்த ஞாயிறு, ஒத்தக்கடையில் ஒரு மண்டபத்தில் பயிற்சி வகுப்பு. நாற்பது பேர் வந்திருந்தோம். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். நடுவில் பிளாஸ்டிக் நாற்காலிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, அதைக் கஅபாவாக நினைத்துக்கொண்டு ஏழு சுற்றுச் சுற்றிப் பழகினோம். தைக்காத இரண்டு வெள்ளைத் துணிதான் ஆண்களுக்கு இஹ்ராம். அதை இடுப்பில் நிற்க வைப்பதற்குள் பாதிப் பேருக்கு வேர்த்துவிட்டது.

சுவரில் ரூம் லிஸ்ட் ஒட்டியிருந்தார்கள். நான் நாலாம் நம்பர். கூட மூன்று பேர் — ரிடையர்டு டிராயிங் மாஸ்டர் ஒருவர், மேலூரில் அரிசிக்கடை வைத்திருப்பவர், சுகர் மாத்திரைகளை ஒரு டப்பாவில் குலுக்கிக்கொண்டே இருந்த ஒரு பெரியவர். நானாகப் போய் சலாம் சொல்லி அறிமுகம் செய்துகொண்டேன். மூன்று பேரும் கையைப் பிடித்துக்கொண்டு அன்பாகச் சிரித்தார்கள். அரிசிக்கடைக்காரர், "ஒங்க பக்கத்தை விடாம படிப்பேன் சார்" என்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

பிரியாணி சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால், நாலாம் நம்பரில் என் பெயர் மேல் ஒரு கோடு. ஏழாம் நம்பருக்குக் கீழே பேனாவால் எழுதியிருந்தது. சரி, ஏதோ மாற்றியிருக்கிறார்கள். ஏழாம் நம்பர் ஆட்களைத் தேடிப் போய் சலாம் சொன்னேன். அவர்களும் சிரித்தார்கள்.

அன்று சாயங்காலம் வாட்ஸப்பில் இறுதிப் பட்டியல் வந்தது. பதினொன்றாம் நம்பர் அறை. என் பெயர். அதற்குக் கீழே யாருமில்லை.

மறுநாள் காலையில் ஹக்கீமுக்குப் போன் போட்டேன்.

"அண்ணே, தனி ரூமே போட்டாச்சு. எக்ஸ்ட்ரா ஒத்தப் பைசா வேணாம். நிம்மதியா இருந்துட்டு வாங்க."

"நான் நிம்மதி கேக்கலையே ஹக்கீம். நாலு பேர் ரூம் கேட்டேன். கொறட்டை விடுவேன்னு யாரும் சொல்லிட்டாங்களா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்லண்ணே..."

"அப்புறம்?"

பொய் சொல்லத் தெரியாத ஏஜென்ட் என்றேன் அல்லவா? கொஞ்ச நேரம் இழுத்தார். அப்புறம் சொல்லிவிட்டார்.

"கோவிச்சுக்கிராதீங்கண்ணே. நீங்க எழுதிருவீங்கன்னு பயப்படுறாங்க. 'அல்லாகிட்ட அழுகப் போறோம் பாய். பக்கத்துக் கட்டில்ல ஒருத்தரு அதைக் குறிப்பெடுத்துக்கிட்டு இருந்தா நாங்க எப்பிடி அழுகுறது?'ங்குறாங்க. அதுக்கு நான் என்னண்ணே பதில் சொல்ல?"

போனை மற்றக் காதுக்கு மாற்றிக்கொண்டேன்.

"நான் பேர் போட்டு எழுத மாட்டேனே ஹக்கீம்."

"திருவல்லிக்கேணி ஹாஜியாருக்கும் நீங்க பேர் போடலைல்லண்ணே" என்றார்.

போனை வைத்துவிட்டேன்.

புதிதாக இந்தப் பக்கத்துக்கு வந்தவர்களுக்கு அது புரியாது. பழைய வாசகர்களில் சிலருக்கு இந்நேரம் சிரிப்பு வந்திருக்கும். பன்னிரண்டு வருடத்துக்கு முன் நான் எழுதிய ஒரு கட்டுரை. இன்றைக்கும் கல்யாண வீடுகளில் என்னைப் பார்த்தால், "சார், அந்த ஹாஜியார் மேட்டர்..." என்று ஆரம்பித்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பவர்கள் இருக்கிறார்கள்.

நான் எழுதியது இவ்வளவுதான். எனக்குத் தெரிந்த ஒருவர் ஹஜ்ஜுக்குக் கிளம்பினார். தெருவே திரண்டு மாலை போட்டு ரயிலேற்றியது. சென்னைக்குப் போனால், பணத்தை வாங்கிய ஏஜென்ட் ஆளைக் காணோம். திரும்பி வர வெட்கம். திருவல்லிக்கேணியில் ஒரு லாட்ஜில் ரூம் போட்டு, நாற்பது நாள் பதுங்கியிருந்து, தலையை மொட்டையடித்துக்கொண்டு, அங்கேயே பேரீச்சம்பழமும் தொப்பியும் வாங்கிக்கொண்டு, ஹஜ் முடித்தவர் மாதிரி ஊருக்கு வந்து இறங்கினார். மறுபடியும் மாலை! அவருக்கு 'திருவல்லிக்கேணி ஹாஜியார்' என்று நான் பட்டம் வைத்தேன். பெயர் போடவில்லை. ஊர் போடவில்லை. ஆனால் நாற்பது நாள் கழித்து மொட்டைத் தலையோடு வந்தவர் அந்த மாதம் தெற்குவாசலில் ஒரே ஒருவர்தான்.

அவர் சாதிக். ஜெமீலாவின் அண்ணன். என் மச்சான்.

லாட்ஜிலிருந்து அவர் போன் செய்து அழுதது ஜெமீலாவிடம் மட்டும்தான். ஜெமீலா அதைச் சொன்னது என்னிடம் மட்டும்தான். நான் சொன்னது... உங்கள் எல்லோரிடமும்.

கட்டுரை வந்த அன்று ஜெமீலா சமையலறையில் நின்றுகொண்டே படித்தாள். மடித்து வைத்தாள். சாப்பாடு போட்டாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன், திட்டவில்லை. சில நாள் கழித்து, "போயி அண்ணன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டு வாங்க" என்றாள். "பேரே போடலையே, நான் போய் மன்னிப்பு கேட்டா அது அவரைத்தான்னு ஆயிடாதா?" என்றேன். எவ்வளவு கெட்டிக்காரத்தனமான பதில்! அந்தப் பதிலை வருடத்துக்கு இரண்டு முறையாவது சொல்லியிருப்பேன். அப்புறம் அவள் கேட்பதையே விட்டுவிட்டாள்.

இன்னொன்றையும் விட்டுவிட்டாள். அதன் பிறகு அவள் தன் வீட்டுச் சேதி எதையும் என்னிடம் முழுதாகச் சொன்னதில்லை. நான் அறைக்குள் வந்தால் போனில் குரல் இறங்கும். 'என்ன விஷயம்?' என்றால், 'ஒண்ணுமில்ல' என்பாள். கத்தரிக்காய், சீரியல், கரண்ட் பில் — இதையெல்லாம் தாராளமாக எனக்கு எழுதக் கொடுத்தாள். மனதில் இருந்ததை வேறெங்கோ வைத்துப் பூட்டிக்கொண்டாள். அவள் போனதிலிருந்துதான் நான் தனியாக இருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஹக்கீமின் போனை வைத்த பிறகு உட்கார்ந்து யோசித்தால், கணக்கு அவள் போவதற்குப் பத்து வருடம் முன்னாலேயே ஆரம்பித்திருக்கிறது.

அந்தக் கட்டுரைக்குப் பிறகு சாதிக் மச்சான் தங்கையைப் பார்க்க எங்கள் வீட்டுக்கு வந்ததில்லை. அவள்தான் போய்ப் பார்த்துவிட்டு வருவாள். மையத்தன்று வந்தார். சந்தூக்குப் பெட்டியின் முன் பக்கத்தைத் தோளில் சுமந்தார். நான் பின் பக்கம். கபுருஸ்தானில் மண் போட்டுவிட்டு, என்னைப் பார்க்காமலே போய்விட்டார்.

யாத்திரை கிளம்புமுன் எங்களில் ஒரு வழக்கம் உண்டு. சொந்தம், பந்தம், பக்கத்து வீடு, பகையாளி — எல்லோரிடமும் நேரில் போய் மாப்பு கேட்க வேண்டும். மாப்பு என்றால் மன்னிப்பு. பயிற்சி வகுப்பில் பாடம் சொன்ன பள்ளிவாசல் அஜரத்தும் அதைத்தான் அழுத்திச் சொன்னார். "அல்லாவுக்குச் செஞ்ச தப்பை அங்க போயி அல்லாகிட்ட கேளுங்க. மனுசனுக்குச் செஞ்ச தப்பை இங்கயே கேட்டு முடிச்சிட்டு வாங்க. அதைத் தூக்கிட்டு அங்க வராதீங்க."

இப்போது அதற்கும் வாட்ஸப் வந்துவிட்டது. 'இன்ஷா அல்லாஹ் உம்ரா செல்கிறேன். தெரிந்தோ தெரியாமலோ உங்கள் மனதைப் புண்படுத்தியிருந்தால் மன்னித்து துஆ செய்யுங்கள்.' ரோஜாப்பூப் படத்தோடு ரெடிமேடாகக் கிடைக்கிறது. நானும் போன் புத்தகத்தில் இருந்த எல்லோருக்கும் ஒரே அமுக்காக அனுப்பிவைத்திருந்தேன். கேஸ் சிலிண்டர் போடுபவர்கூட மன்னித்துவிட்டதாகப் பதில் போட்டார். தெரியாமல் செய்ததற்கு மன்னிப்புக் கேட்பது எவ்வளவு சுலபமாக இருக்கிறது! தெரிந்தே செய்ததற்குத்தான் வாயைத் திறக்க முடிவதில்லை.

சாதிக் மச்சானுக்குப் போன மெசேஜில் ஒற்றை டிக். என்னை எப்போதோ பிளாக் செய்திருக்கிறார்.

செவ்வாய்க்கிழமை காலை, அவர் கடைக்குப் போனேன். கீழமாசி வீதியிலிருந்து பிரிகிற ஒரு சந்தில் கயிறு, தார்ப்பாய்க் கடை. நைலான் கயிற்றுச் சுருள்களுக்கு நடுவே உட்கார்ந்திருந்தார். தாடி முழுக்க வெளுத்துவிட்டது. ஜெமீலாவின் அதே மூக்கு.

"அஸ்ஸலாமு அலைக்கும் மச்சான்."

பதில் சலாம் சொன்னார். அதைச் சொல்லாமலிருக்கக் கூடாது என்பதால் சொன்னார். பிறகு, "என்ன சார் வேணும்? கயிறா, தார்ப்பாயா?" என்றார்.

பன்னிரண்டு வருடத்துக்கு முன் நான் அவருக்கு மாப்ள. இப்போது சார்.

"உம்ராவுக்குப் போறேன் மச்சான்."

"நல்லா போயிட்டு வாங்க சார்."

"மாப்புக் கேக்க வந்தேன்."

அதற்குள் ஒருவர் வந்து ஆட்டைக் கட்டக் கயிறு கேட்டார். மச்சான் எழுந்து கயிற்றை இழுத்து, அளந்து, வெட்டி, இரண்டு முனையையும் லைட்டரால் சுட்டு, உருட்டிக் கொடுத்தார். அவசரமே படவில்லை. வந்தவர் போன பிறகு திரும்ப உட்கார்ந்தார்.

"எதுக்கு மாப்பு?" என்றார்.

"அன்னைக்கு எழுதுனதுக்கு."

"என்ன எழுதுனீங்க?"

அவருக்குத் தெரியும். என் வாயால் சொல்ல வைக்கிறார். சொன்னேன். ஊரை ஏமாற்ற மொட்டை போட்டதாக எழுதினேன், லாட்ஜில் பதுங்கியிருந்ததாக எழுதினேன் என்று சொன்னேன். பட்டத்தை மட்டும் சொல்ல முடியவில்லை.

"மொட்டை ஏன் போட்டேன்னு ஒங்களுக்குத் தெரியுமா சார்?"

தலையாட்டினேன், தெரியாது என்று.

"சாயங்காலம் ஃப்ளைட்டு, இஹ்ராம் கட்டி ரெடியா இருங்கன்னான் அந்த ஏஜெண்டு. குளிச்சு, இஹ்ராம் கட்டி, ஹஜ்ஜு செய்யப் போறேன்னு மனசுல நிய்யத்து வச்சிட்டேன். அப்புறந்தான் அவன் போனு ஸ்விட்ச் ஆஃப். நிய்யத்து வச்ச பெறகு சும்மா துணியக் கழட்டிப் போட்டுட்டு லுங்கியக் கட்டிக்கிற முடியுமா? ஆறு நாள் அந்த ரெண்டு துண்டோட லாட்ஜுல உக்காந்திருந்தேன். இன்னைக்கு வந்துருவான், நாளைக்கு வந்துருவான்னு. பெறகு அங்க உள்ள பள்ளியில அஜரத்துகிட்ட போயிக் கேட்டேன். வழியில தடைபட்டுப் போனவுக ஆடு அறுத்துக் குர்பான் குடுத்துட்டு, தலைமுடிய எறக்கிட்டுத்தான் இஹ்ராமை விட்டு வெளிய வரணும், அதான் சட்டம்னாரு. அறுத்தேன். எறக்குனேன். அதுக்குப் பேருதான் அந்த மொட்டை."

நான் அந்தக் கயிற்றுச் சுருள்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஐந்து வேளை தொழுகிறவன். பத்தி எழுதுகிறவன். இந்தச் சட்டம் எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளவும் தோன்றவில்லை. மொட்டை என்றதும் சிரிப்புத்தான் வந்தது.

"பதுங்கலும் இல்ல. நாப்பது நாளும் போலீஸ் ஸ்டேஷனுக்கும் லாட்ஜுக்கும் நடந்தேன். என்னைய மாதிரி இன்னும் ஆறு பேரு. வேற வேற ஊரு."

"ஏன் மச்சான், ஊருக்கு வந்து சொல்லியிருக்கலாமே..."

"எறங்குனா மாலையோட நிக்கிறாங்க சார். பேத்தி ஓடியாந்து கையில முத்தம் குடுக்குறா. அந்த எடத்துல எப்பிடிச் சொல்ல? சனிக்கெழம வந்தேன். வெள்ளிக்கெழம ஜும்ஆ தொழுகை முடிஞ்சதும் எந்திரிச்சு நின்னு எல்லார்கிட்டயும் சொல்லிடுறேன்னு நம்ம பள்ளி அஜரத்துகிட்ட பேசி வச்சிருந்தேன். ஜெமீலாவுக்கும் தெரியும். வியாழக்கெழம ஒங்க பேப்பரு வந்துருச்சு."

அவ்வளவுதான் சொன்னார். குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

ஜெமீலாவுக்கும் தெரியும்! வெள்ளிக்கிழமை சொல்லப் போகிறார் என்பது தெரிந்திருந்தும், வியாழக்கிழமை சமையலறையில் நின்று படித்துவிட்டு, எனக்குச் சாப்பாடு போட்டிருக்கிறாள். இதை இத்தனை வருடம் என்னிடம் அவள் சொல்லவில்லை. சொன்னால் அதையும் எழுதிவிடுவேன் என்று நினைத்திருப்பாளோ? அந்தக் கடை வாசலில் நின்றுகொண்டு, அறுபத்து நாலு வயதில், நான் அழுதேன். குறிப்பெடுக்க யாரும் இல்லை.

"மறுபடியும் ஹஜ்ஜுக்கு எழுதிப் போடலையா மச்சான்?" என்று கேட்டேன், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

"எப்பிடிப் போறது? கெளம்பும்போதே, 'இந்தத் தடவை எந்த லாட்ஜு?'ம்பாங்க."

"என்கூட வாங்களேன். உம்ராவுக்கு. பதினொண்ணாம் நம்பர் ரூம்ல நான் மட்டுந்தான்..."

முதல் தடவையாக அவர் முகத்தில் ஏதோ அசைந்தது. சிரிப்பா என்று தெரியவில்லை. "மத்தவுக அடிச்சது பத்தாதா சார்? நானும் ஒரு கோடு அடிக்கணுமா?" என்றார். விஷயம் அவர் காது வரை வந்திருக்கிறது. தெற்குவாசல் அல்லவா!

"அப்ப மாப்பு?"

மச்சான் லைட்டரைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். என்னை நேராகப் பார்த்தார்.

"என்னைய நீங்க இந்தச் சந்துல வச்சா பேசுனீங்க? ஊரு ஒலகத்துக்கே பேசுனீங்க. மாப்பு மட்டும் ஏன் சார் இங்க வந்து, ஆளில்லாத நேரமாப் பாத்து, காதுல கேக்குறீங்க? பேசுன எடத்துல கேளுங்க."

"எழுதவா சொல்றீங்க?"

"பேரு போட்டு எழுதுங்க. அன்னைக்கு நீங்க பேரு போடாம விட்டதாலதான் ஒரு பய என்னைய நேரா வந்து கேக்கல. கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். பேரு போடாதது எனக்குச் செஞ்ச நல்லதுன்னு நெனச்சிக்கிட்டு இருக்கீங்களா?"

ஆமாம், பன்னிரண்டு வருடமாக அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். எங்கள் தொழிலில் எல்லோருமே அப்படித்தான் நினைக்கிறோம். பெயரை எடுத்துவிட்டால் அது கதை, யாருக்கும் காயமில்லை என்று. காயம் பட்டவருக்கு 'அது நான்தான், ஆனால் அப்படியில்லை' என்று சொல்லும் வழியையும் சேர்த்து எடுத்துவிடுகிறோம் என்பது தோன்றவே தோன்றாது.

"எழுதுனா மாப்புக் குடுப்பீங்களா மச்சான்?"

"படிச்சிட்டுச் சொல்றேன்."

"நீங்கதான் பேப்பரே வாங்குறதில்லையே..."

"அன்னைக்கும் நான் வாங்கல சார். ஏழு பேரு. ஒருத்தருக்குத் தெரியாம ஒருத்தரு, ஏழு பேரு அந்தப் பக்கத்தைக் கிழிச்சுக்கிட்டு வந்து, 'இதைப் பாத்தீங்களா ஹாஜியாரே'ன்னு இந்தக் கல்லா மேல போட்டுட்டுப் போனாங்க. நல்லதுக்கு ஒரு ஆளாச்சும் வர்றாங்களான்னு பாப்போம்."

அடுத்த வாடிக்கையாளர் வந்துவிட்டார். தார்ப்பாய். மச்சான் எழுந்து உள்ளே போனார். நான் வந்துவிட்டேன்.

ஆகவே, எழுதுகிறேன். முகமது சாதிக், கயிறு, தார்ப்பாய்க் கடை, மதுரை. அவர் ஊரை ஏமாற்றவில்லை. எங்கேயும் பதுங்கவில்லை. வழி மறிக்கப்பட்ட ஒரு யாத்ரிகன் மார்க்கப்படி என்ன செய்ய வேண்டுமோ, அதை லாட்ஜில் யாருமில்லாமல் தனியாக இருந்து செய்து முடித்தவர். அவர் சொல்லவிருந்ததை, அவருக்கு ஒரு நாள் முன்னால் நான் கேலியாகச் சொன்னேன். என் மனைவி என்னிடம் நம்பிச் சொன்னதை விற்றேன். நன்றாக எழுதியிருக்கிறாய் என்று நீங்கள் பாராட்டியபோது வாங்கி வைத்துக்கொண்டேன்.

மச்சான், மாப்புக் கொடுங்கள். தெரிந்தேதான் செய்தேன்.

இந்தப் பக்கம் வியாழக்கிழமை வரும். எனக்கு ஞாயிற்றுக்கிழமை ஃப்ளைட். இடையில் இரண்டு நாள் இருக்கிறது. என் போனைக் கையிலேயே வைத்திருப்பேன்.

அந்த ஏழு பேருக்கு ஒரு வார்த்தை. நீங்கள் யாரென்று எனக்குத் தெரியாது, இன்னும் இந்தப் பக்கத்தைப் படிக்கிறீர்களா என்றும் தெரியாது. படித்தால், இதையும் கிழித்துக்கொண்டு போய் அவர் கல்லா மேல் போடுங்கள். கடை ஒன்பதரைக்குத் திறந்துவிடும்.